காய்ச்சலும் பாய்ச்சலும்: மலேரியா பரவும் விதமும் பாசன உழவரின் பங்கும்

மலேரியாவைப் பற்றி மருத்துவரல்லவா எழுத வேண்டும், உழவியல் ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். மலேரியாவைப் பரப்பும் கொசு தண்ணீரில் பிறக்கிறது. அந்தத் தண்ணீரை வாய்க்காலில் விடுவதும், வயலில் நிறுத்துவதும், வடிப்பதும் பெரும்பாலும் உழவரின் கையில் இருக்கின்றன. ஆகவே இந்நோயின் பாதிக் கதை நீர் நிர்வாகத்தின் கதையே ஆகும்.

கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் பகுதிகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளன. ஒரு பக்கம் மலை ஓடைகள். மறு பக்கம் கண்மாய்களுக்கு நீர் கொண்டு வரும் 18-ஆம் கால்வாய். கிழக்கே சற்றுத் தள்ளி முல்லையாற்றுப் பாசனத்தில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் நெல் வயல்கள். இன்று இப்பகுதியில் மலேரியா ஒரு பெருநோயாக இல்லை. தமிழ்நாடு முழுவதிலுமே அண்மைய ஆண்டுகளில் ஆண்டுக்குச் சில நூறு பேருக்குத்தான் கண்டறியப்படுகிறது. ஆனால் நோயைப் பரப்பவல்ல கொசு போய்விடவில்லை. ஆறும் ஓடையும் வயலும் இருக்கின்றன. வெளியூருக்குப் போய் வருவோரும் இருக்கின்றனர். நோய்க்கிருமி ஒன்றுதான் குறைவு. அது எப்படி வந்து சேரும், சேர்ந்தால் எப்படிப் பரவும் என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

அணை கட்டியபோது தெரியாத உண்மை

நம் பள்ளத்தாக்கை வாழ வைக்கும் பெரியாறு அணை 1887-இல் தொடங்கி 1895-இல் திறக்கப்பட்டது. பென்னிகுயிக் அவர்களின் பெயரை அறியாத வீடு இங்கே இல்லை. ஆனால் அந்த அணைக்காகக் காட்டில் தங்கி வேலை செய்தவர்களை வெள்ளமும் வன விலங்கும் வாட்டியதைப் போலவே காய்ச்சலும் வாட்டியது என்பதைப் பலர் அறியார். மலேரியாவுக்கும் காலராவுக்கும் ஏராளமான தொழிலாளர்கள் பலியாயினர். அணையருகே இன்றும் கல்லறைகள் இருக்கின்றன.

அக்காலத்தில் இக்காய்ச்சல் காட்டின் கெட்ட காற்றால் வருகிறது என்றே படித்தவர்களும் நம்பினர். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். 1880-இல் அல்ஜீரியாவில் இருந்த லாவெரான் என்ற பிரெஞ்சு இராணுவ மருத்துவர் நோயாளியின் இரத்தத்தில் கிருமியைக் கண்டுவிட்டார். அது ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்கு எப்படிப் போகிறது என்பது மட்டும் விளங்கவில்லை. 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற மருத்துவர், நோயாளியைக் கடித்த ஒரு கொசுவின் வயிற்றைக் கீறிப் பார்த்து அங்கே அக்கிருமி வளர்வதைக் கண்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அணை கட்டி முடிந்துவிட்டது. கொசுவைத் தடுத்தால் போதும் என்று சொல்ல அந்தத் தொழிலாளர்களுக்கு ஒருவரும் இல்லை.

நோய் சுற்றும் வட்டம்

மலேரியாவை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்ற ஓரணு உயிர். நம் நாட்டில் வைவாக்ஸ், பால்சிபாரம் என்ற இரு வகைகளே பெரும்பாலும் காணப்படுகின்றன. வைவாக்ஸ் ஆளை உருக்கும். பால்சிபாரம் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி ஆளையே கொல்லும்.

பயிர் நோய்களில் வைரஸைப் பரப்பும் பூச்சிகளை உழவர்கள் அறிவர். நெல்லில் துங்ரோ நோயைப் பச்சைத் தத்துப்பூச்சி ஒரு செடியிலிருந்து மறு செடிக்குக் கொண்டு போகிறது. மலேரியாவும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. தத்துப்பூச்சி நோயுற்ற செடியை உறிஞ்சிய சிறிது நேரத்திலேயே நோயைப் பரப்ப வல்லது. மலேரியாக் கொசுவோ நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

பெண் கொசு முட்டை வளர்வதற்காக இரத்தம் குடிக்கிறது. ஆண் கொசு கடிப்பதில்லை. பெண் கொசு நோயாளியைக் கடிக்கும்போது கிருமியின் ஆண், பெண் வடிவங்கள் இரத்தத்தோடு அதன் வயிற்றுக்குள் போகின்றன. அங்கே அவை இணைந்து, வயிற்றுச் சுவரில் கொப்புளம் போல் வளர்ந்து, வெடித்து, ஆயிரக்கணக்கான ஊசி போன்ற கிருமிகளாகக் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர்கின்றன. நம் ஊர் வெப்பத்தில் இதற்குப் பத்து முதல் பன்னிரண்டு நாட்கள் ஆகும். குளிரில் இன்னும் நாளாகும். வெப்பம் 16 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் வளர்ச்சியே நின்றுவிடும். கொசுவின் ஆயுளோ பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்கள்தான். பல கொசுக்கள் பத்து நாட்களுக்குள் மடிந்துவிடும். ஆகவே மலேரியாவைக் கொடுப்பது எல்லாக் கொசுவும் அன்று. ஒரு நோயாளியைக் கடித்த பின்னும் பன்னிரண்டு நாள் பிழைத்திருக்கும் கிழக் கொசுதான். வீட்டுச் சுவரில் மருந்தடிப்பதன் பொருள் இதுவே. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை இரத்தம் குடித்துவிட்டுச் சுவரில் ஓய்வெடுக்கும் கொசு, பன்னிரண்டு நாள் முடிவதற்குள் ஏதாவது ஒரு முறை மருந்தின் மேல் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

அப்படித் தப்பிப் பிழைத்த கொசு அடுத்தவரைக் கடிக்கும்போது உமிழ்நீரோடு கிருமி உட்செல்கிறது. சிறிது நேரத்துக்குள் அது கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் ஓசையின்றிப் பெருகுகிறது. பின்னர் இரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. பெருகிய கிருமிகள் சிவப்பணுக்களை ஒரே வேளையில் உடைத்துக்கொண்டு வெளிவரும்போதுதான் உடல் நடுங்கும் குளிரும், அதைத் தொடர்ந்து கடும் காய்ச்சலும், இறுதியில் வியர்வையும் வருகின்றன. 48 மணி நேரத்துக்கு ஒரு முறை இது நடப்பதால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய்ச்சல் வருகிறது. முறைக் காய்ச்சல் என்று நம் முன்னோர் பெயரிட்டது இதைக் கண்டுதான். எனினும் முறை தவறாமல் வந்தால்தான் மலேரியா என்று இருந்துவிடக் கூடாது. முதல் சில நாட்கள் தினமும் வரலாம். பால்சிபாரத்தில் முறையே இல்லாமலும் வரலாம்.

கண்ட தண்ணீரிலும் பிறக்காத கொசு

மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் இனக் கொசு மட்டுமே. சாக்கடையில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசு யானைக்கால் நோயைப் பரப்பும். தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் பிறந்து பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு டெங்குவைப் பரப்பும். தென்னந்தோப்பு வைத்திருப்போர் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பது டெங்குவுக்கு எதிராக மிக நல்லது. மலேரியாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர்.

இனம் காண எளிய வழி ஒன்று உண்டு. வெள்ளைக் கிண்ணம் ஒன்றில் நீரை மொண்டு பாருங்கள். புழு தலைகீழாகத் தொங்கினால் கியூலெக்ஸ் அல்லது ஏடிஸ். நீர்ப்பரப்புக்கு இணையாக, மேலே ஒட்டிக்கொண்டாற் போல் படுத்துக் கிடந்தால் அனாபிலிஸ்.

அனாபிலிசிலும் பல வகைகள் உள்ளன. கிராமப்புற இந்தியாவின் முதன்மையான மலேரியாக் கொசு அனாபிலிஸ் கியூலிசிபேசிஸ். மலையடிவார ஓடைகளின் விளிம்பில், மெல்ல நகரும் நீரில் அனாபிலிஸ் புளூவியாட்டிலிஸ் பிறக்கிறது. கிணறு, மூடாத மேல்நிலைத் தொட்டி, சிமெண்டுத் தொட்டி ஆகியவற்றை விரும்புவது அனாபிலிஸ் ஸ்டீபன்சி. சென்னை நகர மலேரியாவுக்கு இதுவே காரணம். திராட்சைத் தோட்டங்களில் மருந்து கரைக்கவும் சொட்டு நீருக்காகவும் கட்டி வைத்திருக்கும் தொட்டிகளை இவ்விடத்தில் நினைவில் கொள்ள வேண்டும்.

கியூலிசிபேசிஸ் என்ற ஒரே பெயருக்குள் உருவில் வேறுபாடு தெரியாத ஐந்து உடன்பிறப்பு இனங்கள் இருப்பதைப் பின்னாளில் கண்டறிந்தனர். அவற்றில் ‘பி’ என்ற இனம் நோயைப் பரப்புவதில் மிக மந்தமானது. இராமேசுவரத்திலும் இலங்கையிலும் உள்ள ‘இ’ இனமோ வல்லது. ஊருக்கு ஊர் மலேரியாவின் வேகம் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டுக்கோட்டை சொன்ன பாடம்

மேட்டூர் அணை 1934-இல் முடிந்ததும் தஞ்சை மாவட்டத்தின் தென்பகுதியில் கல்லணைக் கால்வாய் வழியே புதுப் பாசனம் வந்தது. அதோடு பட்டுக்கோட்டைப் பகுதிக்கு மலேரியாவும் வந்தது. ராக்பெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்க மருத்துவர் அங்கே தங்கிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். டி. ராமச்சந்திர ராவ் என்ற நம் நாட்டுப் பூச்சியியல் அறிஞரும் அவருடன் பணியாற்றினார்.

அவர்கள் கண்ட ஒரு செய்தி நெல் பயிரிடும் ஒவ்வொருவருக்கும் பயன்படும். கியூலிசிபேசிஸ் கொசு நீரில் உட்கார்ந்து முட்டையிடுவதில்லை. நீருக்கு மேலே ஆடிக்கொண்டே பறந்து முட்டைகளை உதிர்க்கிறது. அதற்குத் திறந்த நீர்ப்பரப்பு வேண்டும். செங்குத்தாக ஏதாவது தடை நெருக்கமாக நின்றால் அதனால் ஆட முடியாது. எனவே நடவு செய்த இளம் வயலில் அது தாராளமாக முட்டையிடுகிறது. பயிர் ஏறக்குறைய ஓரடி உயரம் வளர்ந்து நெருங்கியதும் அங்கே முட்டையிடுவது நின்றுவிடுகிறது. கதிர் வரும் வயலைப் பார்த்து மலேரியாவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. உழுது சேறாக்கி நீர் கட்டிப் போட்ட வயல், நடவுக்குப் பின் மூன்று நான்கு வாரம், அறுவடைக்குப் பின் நீர் தேங்கிய தாள் வயல் ஆகிய இவைதான் கவனிக்க வேண்டிய காலங்கள்.

நெல்லின் மேல் முழுப் பழியையும் போட ரஸ்ஸல் ஒப்பவில்லை. கசியும் வாய்க்கால், கரை போட மண் வெட்டி எடுத்த குழிகள், வடிகால் இல்லாத பள்ளங்கள் என ஒழுங்கில்லாத பாசனமே பெரும் காரணம் என்று அவர் எழுதினார். எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது பழைய செய்தியாகிவிடவில்லை. நம் மடைகளை ஒரு நாள் காலையில் நடந்து பார்த்தால் போதும்.

மழையை விட வறட்சி கொடியதானபோது

மழைக்காலம்தான் மலேரியாக் காலம் என்பது பொதுவான எண்ணம். இலங்கையில் நடந்தது அதற்கு நேர்மாறு. 1934-இல் அங்கே பருவமழை பொய்த்தது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் வற்றி, மணல் படுகையில் குட்டை குட்டையாக நின்றன. ஓடும் நீரில் நிலைக்காத கியூலிசிபேசிஸ் புழு, தெளிந்து வெயில் படும் அக்குட்டைகளில் பெருகியது. 1934-35-இல் பரவிய அக்கொள்ளை நோயில் சுமார் 80,000 பேர் மாண்டனர்.

நம் முல்லையாற்றிலும் கோம்பை மலையோடைகளிலும் நீர் குறையும் மாதங்களில் இதே போன்ற குட்டைகள் உண்டாகின்றன. மணல் அள்ளிய குழிகள் இதை இன்னும் மோசமாக்குகின்றன. கால்வாயில் நீர் நிறுத்தியதும் அடியில் அங்கங்கே தேங்கும் நீரும் இவ்வகையே. கோடையில் இக்குட்டைகளை ஒரு வாய்க்கால் கீறி ஒன்றோடொன்று இணைத்து ஓடவிடுவதோ, மண் போட்டு மூடுவதோ கடினமன்று. முட்டையிலிருந்து கொசுவாவதற்கு நம் வெப்பத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். வாரம் ஒரு முறை கவனித்தாலே பெரும்பகுதி புழு கொசுவாகாமல் அழியும்.

வயலைக் காயவிடலாமா?

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது நம் முன்னோர் சொல். வயலுக்குக் கொடுக்கும் இந்தக் காய்ச்சல்தான் வீட்டுக்கு வரும் காய்ச்சலைக் குறைக்கிறது. ரஸ்ஸல் காலத்திலேயே விட்டு விட்டு நீர் பாய்ச்சும் முறையைக் கொசு ஒழிப்புக்காகச் சோதித்திருக்கின்றனர். பின்னர் 1990-களில், மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார், மூளைக்காய்ச்சலைப் பரப்பும் வயற்கொசுக்களை அடக்க இதே முறையை மதுரைப் பகுதி வயல்களில் ஆராய்ந்தனர். கொசுப்புழு குறைந்தது, விளைச்சல் குறையவில்லை.

செய்முறை வருமாறு. நட்டதிலிருந்து பத்து நாள் வரை பயிர் வேர்ப்பிடிக்க 2 செ.மீ. அளவில் மெல்லிய நீர் இருக்கட்டும். அதன் பின் கட்டிய நீர் மறைந்து, மண்ணில் மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றும்போது 2.5 செ.மீ. உயரத்துக்கு மறுபடி நீர் பாய்ச்ச வேண்டும். கண்ணால் கணிக்க இயலாதவர்கள் பக்கவாட்டில் துளையிட்ட பி.வி.சி. குழாய் ஒன்றை வயலில் பதித்து, உள்ளே நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சலாம். கதிர் உருவாகும் பருவத்திலிருந்து நீர் மறைந்த மறுநாளே பாய்ச்ச வேண்டும். பூக்கும் காலத்தில் வயலைக் காயவிடவே கூடாது. அப்போது பயிர் உயர்ந்துவிடுவதால் மலேரியாக் கொசுவைப் பற்றிக் கவலையும் இல்லை. பயிர் காய்ச்சலைத் தாங்கும் பருவமும் கொசு முட்டையிடும் பருவமும் ஒன்றாகவே அமைந்திருப்பது நமக்கு வாய்த்த நல்ல பொருத்தம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேல் நீர் வற்றினாலும் சேறு பளபளவென்று இருக்கும் வரை புழு சிறிது காலம் பிழைத்திருக்கும். கால் தடத்திலும் மாட்டுக் குளம்புத் தடத்திலும் நிற்கும் நீரே போதும் அதற்கு. எனவே நடவுக்கு முன் வயலை நன்கு சமப்படுத்தியிருக்க வேண்டும். மேடு பள்ளமான வயலில் காய்ச்சலும் பாய்ச்சலும் பாதிப் பலன்தான் தரும்.

இதைச் சொன்னதும் கம்பம் பகுதி உழவர் ஒருவர் கேட்டார்: “தண்ணியக் காயப்போட்டா களை மண்டிப் போகாதா சார்? ஆள் கூலிக்கு யார் பதில் சொல்றது?” கேள்வி நியாயமானது. நின்ற நீர் களையை அடக்குகிறது. காய்ந்த வயலில் களை கூடவே செய்யும். கோனோவீடர் கருவியை நட்ட பத்தாம் நாள் தொடங்கிப் பத்து நாளுக்கொரு முறை ஓட்டினால் சமாளிக்கலாம்; ஆனால் அதற்கு வரிசை நடவு வேண்டும். தழைச்சத்து இழப்பும் உண்டு. வயல் காய்ந்து நனையும்போது தழைச்சத்தின் ஒரு பகுதி காற்றில் போய்விடும். எனவே யூரியாவை நீர் வடிந்த நிலத்தில் பிரித்து இட்டு, பிறகு நீர் பாய்ச்ச வேண்டும். வேப்பம் பிண்ணாக்கு கலந்த யூரியாவானால் இன்னும் நல்லது. அது கியூலெக்ஸ் புழுக்களையும் குறைப்பதை மதுரை ஆய்வுகள் காட்டின. அசோலா விடுவோர், நீர்ப்பரப்பு ஏறக்குறைய முழுவதும் மூடினால்தான் கொசு குறையும் என்பதை அறிய வேண்டும். அங்கங்கே திட்டாக மிதக்கும் அசோலாவால் எருப் பயன் உண்டு, கொசுப் பயன் இல்லை.

திருந்திய நெல் சாகுபடி செய்வோருக்கு என் கருத்து ஒன்று. 14 நாள் நாற்றை 25 செ.மீ. இடைவெளியில் நடும்போது வயல் நெருங்க அதிக நாளாகும். இடைவெளியை மட்டும் ஏற்றுக்கொண்டு நீரை முன் போலவே கட்டி வைத்தால் கொசு முட்டையிடும் காலத்தை நாமே நீட்டித்தவர்களாவோம். அம்முறையின் நீர் நிர்வாகத்தையும் சேர்த்தே கடைப்பிடிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய இடையூறு, தனி ஒருவரால் இதைச் செய்ய முடியாததுதான். கொசு ஒன்றிரண்டு கிலோமீட்டர் பறக்கும். என் வயல் காய்ந்து அடுத்தவர் வயல் தளும்பினால் பயனில்லை. அதோடு, கடைமடை உழவர் கிடைத்த நீரைப் பிடித்து வைக்கத்தான் பார்ப்பார். அடுத்த முறை வருமோ வராதோ என்ற அச்சம் அவருக்கு. அவரைக் குறை சொல்ல முடியாது. நீர் முறை நாள் தவறாமல் வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் எவரும் வயலைக் காயவிடுவார். ஆகவே ஒரு மடைக்கு உட்பட்டவர்கள் கூடி, பாசனச் சங்கத்தின் வாயிலாக நீர்வளத் துறையிடம் முறை நாட்களை முன்கூட்டியே கேட்டுப் பெறுவது முதல் வேலை. வாய்க்கால் ஓரப் புல்லைச் செதுக்கிக் கசிவை அடைப்பது அடுத்தது. குடிமராமத்து என்ற பெயரில் நம் முன்னோர் செய்து வந்ததுதான் இது.

பூச்சிமருந்தை வாய்க்காலில் ஊற்றாதீர்

பயிருக்கு வாங்கிய மருந்தில் மிச்சத்தைக் கொசு சாகட்டும் என்று கிணற்றிலோ வாய்க்காலிலோ ஊற்றுவோர் இருக்கின்றனர். இது தவறு. தும்பிக் குஞ்சு, நீர்வண்டு, மீன் குஞ்சு ஆகிய கொசுப்புழுத் தின்னிகள் முதலில் சாகும். கொசு இரண்டு வாரத்தில் திரும்பி வரும்; அவை வர மாதக் கணக்காகும். கொசுவுக்கு மருந்து பழகிப் போவதும் உண்மை. கியூலிசிபேசிஸ் டி.டி.டி.க்கு எதிர்ப்பு பெற்றது 1950-களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. வயலில் தெளித்த மருந்துகளும் அதற்கு உடந்தை. வேளாண்மையில் டி.டி.டி. உபயோகம் 1989-இல் தடை செய்யப்பட்டது.

பயன்படாத கிணற்றிலும் தொட்டியிலும் கம்பூசியா அல்லது கப்பி மீன் விடலாம். சுகாதாரத் துறையிடம் கேட்டால் கிடைக்கும். ஆனால் ஓடையிலும் கண்மாயிலும் கம்பூசியாவை விட வேண்டாம். நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். மீன் விட முடியாத தொட்டியை வாரம் ஒரு நாள் முழுதும் வடித்துக் காயவிட்டாலே போதும்.

கியூலிசிபேசிஸ் மனிதரை விட மாட்டையே விரும்பிக் கடிக்கும்; இரவில் கடித்து, பகலில் தொழுவத்தின் இருண்ட மூலையில் ஒதுங்கும். தொழுவத்தை ஒட்டிக் கட்டிலைப் போட்டுத் தூங்குவோரையும், தோட்டத்தில் காவலுக்குக் குடிசையில் படுப்போரையும் அது எளிதில் எட்டும். மருந்து ஊட்டிய கொசுவலை இவர்களுக்கு அவசியம். தொழுவம் படுக்கையிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு நல்லது.

கிருமி வரும் வழி

கோம்பையிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் நாள்தோறும் பெண்களும் ஆண்களும் ஜீப்பில் ஏறிக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய் வருகின்றனர். அத்தோட்டங்களில் ஜார்க்கண்டு, அசாம், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலத்தவரும் வேலை செய்கின்றனர். அவர்களில் சிலர் மலேரியா மிகுந்த மாவட்டங்களிலிருந்து வருபவர்கள். நம் ஊர் லாரி ஓட்டுநர்களும் ஒடிசா, சத்தீஸ்கர் வரை போய் வருகின்றனர். வந்தவரை நோய் கொண்டு வந்தவர் என்று ஒதுக்குவது மனிதப் பண்பும் அன்று, பயனும் இல்லை; ஒதுக்கப்படுபவர் காய்ச்சலை மறைப்பார், கொசு அவரைக் கடிக்கும். அவரையும் நம் ஆளைப் போல் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போவதே நம் ஊருக்குப் பாதுகாப்பு.

நோய் ஓய்ந்ததும் அசட்டையாக இருந்தவர்கள் பட்ட பாட்டை வரலாறு காட்டுகிறது. 1947-இல் இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் துன்புற்று எட்டு இலட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டனர். 1953-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தால் 1961-இல் நோயாளிகள் சுமார் 50,000-ஆகக் குறைந்தனர். பிறகு கண்காணிப்பு தளர்ந்தது; 1976-இல் 64 இலட்சமாக உயர்ந்தது. இலங்கையில் 1963-இல் நோயாளிகள் வெறும் 17 பேர். சுவருக்கு மருந்தடிப்பதை நிறுத்தினர். 1960-களின் இறுதியில் ஓராண்டில் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. அதே இலங்கை, ஒவ்வொரு காய்ச்சலையும் விடாமல் சோதித்து, 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது. நம் நாடு 2030-ஐக் குறியாக வைத்திருக்கிறது.

காய்ச்சல் வந்தால்

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு ஜீப் ஏறக் கூடாது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து இலவசமாகச் சோதிப்பர். மருந்து சாப்பிடும் முன்பே இரத்தம் கொடுப்பது நல்லது.

வைவாக்ஸ் என்றால் மூன்று நாள் குளோரோகுயின், அதோடு 14 நாள் பிரைமாகுயின் கொடுப்பர். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். வயலில் வேலை அழைக்கும். மிச்ச மாத்திரை கூரையில் செருகப்படும். இங்குதான் தவறு நடக்கிறது. வைவாக்ஸ் கிருமியில் ஒரு பகுதி கல்லீரலில், கோரைக் கிழங்கு மண்ணுக்குள் கிடப்பது போல் உறங்கிக் கிடக்கும். மேலே முளைத்ததைக் கொல்வது குளோரோகுயின்; கிழங்கைக் கொல்வது பிரைமாகுயின். 14 நாளும் சாப்பிடாவிட்டால் சில மாதம் கழித்துக் கொசுக்கடி இல்லாமலே மறுபடி முளைக்கும். கருவுற்ற பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் ஆகாது. இரத்தத்தில் ஒரு வகை நொதிக் குறைவு உள்ளவர்களுக்கும் தீங்கு செய்யும். ஆதலால் ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை மற்றவர் சாப்பிடக் கூடாது. மாத்திரை சாப்பிடும்போது சிறுநீர் கறுத்துப் போனால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து தரப்படுகிறது. சீன நாட்டுச் செடி ஒன்றிலிருந்து இதைப் பிரித்தெடுத்த தூ யூயூ அம்மையாருக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்நோயில் காலதாமதம் ஆளைக் கொல்லும். நினைவு தடுமாறுதல், வலிப்பு, மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவென்று பாராமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இது மிக வேகமாக முற்றும்.

வெளிமாநிலம் போய் வந்தவர்கள் மருத்துவரிடம் அதைக் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். எந்த ஊர், எத்தனை நாள் தங்கினோம், இரவு எங்கே படுத்தோம் என்பவை அவருக்கு வேண்டிய விவரங்கள். பால்சிபாரம் பெரும்பாலும் ஊர் திரும்பிய ஒரு மாதத்துக்குள் வெளிப்பட்டுவிடும். வைவாக்ஸ் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துக்கூட வரலாம். எனவே போய் வந்து நாளாகிவிட்டதே என்று அதைச் சொல்லாமல் விட வேண்டாம்.